அத்ல் முதல் அதாலத் வரை: ஓர் அரபு வேர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை குத்பா (சொற்பொழிவு) முடியப்போகிறது என்பதைக் கடைசி வரிசையில் இருக்கும் சிறுவன்கூடக் கண்டுகொள்வான். 'இன்னல்லாஹ யஃமுரு பில்அத்லி வல்இஹ்ஸான்' என்று இமாம் தொடங்கியதும், தொழுகைக்கு எழப்போகிறோம் என்று சபை மெல்ல அசையத் தொடங்கும். 'அல்லாஹ் அத்லையும் இஹ்ஸானையும் (நன்மை செய்வதையும்) ஏவுகிறான்' என்பது அதன் பொருள் (குர்ஆன் 16:90). உமையா கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ஆட்சி 717–720) மிம்பரில் (பள்ளிவாசல் சொற்பொழிவு மேடையில்) நபியின் மருமகன் அலீ அவர்களை ஏசும் வழக்கத்தை நிறுத்தி, அந்த இடத்தில் இந்த வசனத்தை ஓதச் செய்தார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

வாராவாரம் காதில் விழும் அந்த அத்ல் என்ற சொல்லை 'நீதி' என்று ஒரே சொல்லில் மொழிபெயர்த்துக் கடந்துவிடுகிறோம். அதன் பின்னால் ஒட்டகமும் பொதியும் தராசும் கணக்கும் சகலையும் இருப்பது பலருக்குத் தெரியாது. அரபு படிப்பவர்கள், வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள், பிள்ளைக்குப் பெயர் தேடுபவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அரபில் 'வேர்' என்று எதைச் சொல்கிறார்கள்?

பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகளை. இங்கே நாம் பார்க்கும் வேரில் ஐன், தால், லாம் ஆகிய மூன்று எழுத்துகள். தமிழில் 'செய்' என்ற வேரோடு பின்னால் ஒட்டிச் செயல், செய்கை, செய்தி என்று சொற்கள் வளரும். அரபில் வேரின் உள்ளேயே உயிர்கள் புகுந்து மாறும், முன்னும் பின்னும் சில எழுத்துகள் சேரும். அத்ல், ஆதில், அதாலா, தஃதீல், முஆதலா, இஃதிதால் எல்லாவற்றிலும் அந்த மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் இருக்கின்றன. ஐனுக்குத் தமிழில் எழுத்து இல்லை. உயிரோடு வரும்போது அ, இ, உ என்றும், உயிரின்றி வரும்போது ஃ என்றும் எழுதுவது நம் வழக்கம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இந்த வேரின் முதல் பொருள் என்ன?

கழுதை முதுகில் துணி மூட்டை ஏற்றுபவரைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு பக்கத்து மூட்டையை ஏற்றிவிட்டு அப்படியே விட்டால் அது சேணத்தோடு சரிந்து வயிற்றுக்கடியில் போய்விடும். அதனால் அதைத் தோளால் முட்டுக்கொடுத்தபடி நிற்பார். மறுபக்கம் இன்னொருவர் அதே எடையுள்ள மூட்டையைத் தூக்கிப் பூட்டிய பிறகுதான் தோளை எடுப்பார். மிருகம் ஒரு முறை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு நேராக நிற்கும்.

ஒட்டகத்தின் இரு பக்கமும் தொங்கும் இந்தப் பொதிகளில் ஒன்றுக்கு அரபில் 'இத்ல்' என்று பெயர். ஒரு பொதிக்கு எதிர்ப் பொதி இத்ல். தனியாக இருந்தால் அது வெறும் மூட்டை. எதிரே நிகர் எடை வந்து தொங்கும்போதுதான் அது இத்ல் ஆகிறது.

மல்லர் இருவர் கட்டிப்பிடித்து, ஒருவரும் வெல்லாமல் சேர்ந்தே விழுந்தால் 'ஒட்டகத்தின் இரு இத்ல்களாக விழுந்தார்கள்' என்பது பழைய அரபு வழக்கு. இன்று அரபு வானொலியில் கால்பந்து வர்ணனை கேட்டால், ஆட்டம் சமனில் முடிவதற்கு 'தஆதுல்' என்பார்கள். அதுவும் இதே வேர்தான். பாலைவனத்து மல்லரும் இன்றைய கால்பந்து வீரரும் ஒரே சொல்லுக்குள் நிற்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் விஷயம்.

இத்ல், அத்ல் இரண்டும் ஒன்றா?

நெருங்கியவை, ஆனால் ஒன்றல்ல. ஃபர்ரா என்ற கூஃபா இலக்கண அறிஞர் அழகாகப் பிரித்துச் சொன்னார்: ஒரு பொருளுக்கு அதே இனத்தில் நிகரானது இத்ல், வேறு இனத்தில் நிகரானது அத்ல்.

இதற்குக் குர்ஆனிலேயே ஓர் உதாரணம் உண்டு (5:95). இஹ்ராம் (ஹஜ், உம்ரா யாத்திரைக்கான கட்டுப்பாட்டு) நிலையில் வேண்டுமென்றே வேட்டையாடியவர் அதற்கு ஒப்பான கால்நடையைப் பலியிட வேண்டும், அல்லது ஏழைகளுக்கு உணவளிக்க வேண்டும், 'அல்லது அதன் அத்ல் அளவுக்கு நோன்பு' நோற்க வேண்டும். உணவு வேறு, நோன்பு வேறு. ஒன்றைத் தராசில் வைக்கலாம், மற்றதை நாளால் எண்ண வேண்டும். இனம் வேறானாலும் மதிப்பு ஒன்று என்பதால் அங்கே அத்ல் வருகிறது.

அப்படியானால் 'நீதி' என்று மொழிபெயர்ப்பது தவறா?

தவறில்லை. ஆனால் எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. மறுமை நாளைப் பற்றிய வசனத்தில் (2:48) எந்த ஆன்மாவிடமிருந்தும் 'அத்ல்' ஏற்கப்படாது என்று வருகிறது. அங்கே 'நீதி ஏற்கப்படாது' என்று எழுதினால் பொருளே தலைகீழாகிவிடும். அந்த இடத்தில் அத்ல் என்பது தன்னை விடுவித்துக்கொள்ளக் கொடுக்கும் ஈடு.

தமிழின் 'ஈடு' இந்த இடத்துக்கு அளந்து தைத்த சட்டை போன்றது. ஈடு இணை இல்லாதவர் என்றால் நிகர் இல்லாதவர். இழப்பை ஈடுசெய் என்றால் அதற்குச் சமமானதைக் கொடு. நகையை ஈடு வைத்தேன் என்றால் பணத்துக்கு எதிராக வைத்தேன். நிகர், பதிலுக்குக் கொடுப்பது என்ற இரண்டு பொருளையும் அரபு அத்ல் தாங்குவதுபோல் நம் ஈடும் தாங்குகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் இந்தச் சொல்லை இன்னும் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது என் ஆசை.

இன்னோர் இடம்: 'உன்னைப் படைத்தான், சீராக்கினான், அதலக' (82:7). இங்கே உடலுறுப்புகளை ஒன்றுக்கொன்று பொருத்தமாக அமைத்தான் என்ற பொருள். இரு கண், இரு கை, இரு கால் என்று நினைத்துப் பாருங்கள், மறுபடியும் இரண்டு பொதிகள் வந்து நிற்கும்.

வழக்கு, சாட்சி, ஆட்சி பற்றிப் பேசும் இடங்களில் நீதி சரிதான். 'ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம். இஃதிலூ, அதுவே இறையச்சத்துக்கு நெருக்கமானது' (5:8) என்ற வசனத்தில் 'நீதி செய்யுங்கள்' என்று எழுதலாம். இருந்தாலும் அங்கே சொல்லப்படும் ஆபத்து சாய்வதுதான். பகை ஒரு பக்கத்துப் பொதியின் எடையைக் கூட்டிவிடும். 'நடுநிலை தவறாதீர்கள்' என்ற மொழிபெயர்ப்பில் அந்தச் சாய்வு தெரிகிறது.

இதே வேருக்கு 'விலகுதல்' என்ற பொருளும் இருக்கிறதாமே?

ஆம். அரபு படிக்கும் மாணவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். 'அதல பைன' என்றால் இருவருக்கிடையே நடுநிலையாக நடந்தான். 'அதல பிஹி' என்றால் ஒன்றை இன்னொன்றுக்குச் சமமாக்கினான். 'அதல அன்' என்றால் ஒன்றை விட்டு விலகினான், வழி மாறினான். வினை ஒன்றே, பின்னால் வரும் இடைச்சொல் பொருளைப் புரட்டிப் போடுகிறது.

கி.பி. 1004ஆம் ஆண்டில் மறைந்த இப்னு ஃபாரிஸ், வேர்களின் அடிப்படைப் பொருளை ஆராயவென்றே ஓர் அகராதி எழுதினார். இந்த வேரைப் பற்றி அவர் சொன்னது: இதற்கு இரண்டு மூலங்கள் உண்டு, ஒன்றையொன்று எதிர்த்து நிற்பவை. ஒன்று சமமாக இருப்பது, மற்றது கோணலாக இருப்பது.

'உதூல்' என்ற ஒரே சொல்லில் இதை நேராகவே பார்க்கலாம். நம்பகமான சாட்சிகள் பலர் என்றாலும் உதூல், வழியை விட்டு விலகுதல் என்றாலும் உதூல். 'பல் ஹும் கவ்முன் யஃதிலூன்' (27:60) என்ற வசனத்தை விளக்க வந்தவர்களும் இரண்டு விதமாக எழுதினார்கள்: அவர்கள் இறைவனுக்கு மற்றவற்றைச் சமமாக்குகிறார்கள் என்று ஒரு சாரார், சத்தியத்தை விட்டு விலகுகிறார்கள் என்று ஒரு சாரார்.

எனக்குப் படுவது இதுதான்: தராசின் முள் நடுவில் நிற்கும், விலகவும் செய்யும். முள் அசையவே முடியாத தராசு எடை பார்க்க உதவாது. சமத்தைச் சொல்லும் சொல்லுக்குள்ளேயே சாய்வதற்கான வாய்ப்பும் இருப்பது இயல்புதான். இது என் எண்ணம். அகராதி ஆசிரியர்கள் மேல் இதைச் சுமத்த மாட்டேன்.

தொழுகையில் வரும் 'இஃதிதால்' இந்த வேர்தானா?

ஆம். தமிழ் முஸ்லிம்களில் மிகப் பலருக்கு இந்த வேரின் முதல் அறிமுகமே அதுதான். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கரையோர ஊர்களிலும் இலங்கையிலும் ஷாஃபிஈ மத்ஹபு (சட்ட மரபு) வழக்கில் இருப்பதால், மக்தபில் (பிள்ளைகள் மார்க்கம் படிக்கும் இடத்தில்) தொழுகையின் ஃபர்ளுகளை (கட்டாயச் செயல்களை) ஒப்பிக்கும் பிள்ளை ருகூவுக்கு (குனிந்து நிற்பதற்கு) அடுத்து இஃதிதால் என்று சொல்லும். குனிந்த உடல் நிமிர்ந்து, எலும்புகள் தத்தம் இடத்தில் வந்து அமைதியாக நிற்கும் நிலை அது. முதுகு பாதி நிமிரும்போதே நெற்றியைத் தரையில் வைக்கும் ஸுஜூதுக்குப் போய்விட்டால் இஃதிதால் நிறைவேறாது என்று உஸ்தாது அதட்டுவார். ஹனஃபீ வழக்கில் படித்தவர்களுக்குத் 'தஃதீலுல் அர்கான்' என்ற தொடர் தெரிந்திருக்கும். ஒவ்வொரு நிலையிலும் உறுப்புகள் நிதானமாக அமர வேண்டும் என்பதே அது.

உடலைப் பற்றிய இந்தச் சொல்லை அப்படியே வானத்துக்கும் கொண்டுபோனார்கள். மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக வரும் நாளுக்கு அரபில் இஃதிதால் என்று பெயர். முன்னது வசந்த இஃதிதால், பின்னது இலையுதிர்கால இஃதிதால். அதிக வெயிலும் இல்லாமல் அதிகக் குளிரும் இல்லாமல் இருக்கும் காற்று 'முஃததில்'. தீவிரம் இல்லாத மனிதரும் முஃததில்தான்.

லோக் அதாலத்தில் உள்ள அதாலத் எப்படி வந்தது?

அரபில் 'அதாலா' என்றால் நீதியாக இருக்கும் தன்மை. அது ஒரு பண்பு. அரபு நாட்டில் போய் அதாலா எங்கே இருக்கிறது என்று வழி கேட்டால் யாருக்கும் புரியாது. அங்கே நீதிமன்றத்துக்கு மஹ்கமா என்று பெயர், அது ஹுக்ம் என்ற வேறொரு வேர்.

அதாலா பாரசீகத்துக்குப் போய் 'அதாலத்' ஆனது. அங்கும் பண்புதான். இந்திய மண்ணில் உருதுவும் இந்தியும் பேசியவர்கள் வாயில்தான் அது கட்டடமாக, நீதிமன்றமாக மாறியது. 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்தில் சதர் திவானி அதாலத் என்ற உயர் முறையீட்டு மன்றத்தை ஏற்படுத்தினார். 1802இல் சென்னை மாகாணத்துக்கும் சதர் அதாலத்தும், குற்ற வழக்குகளுக்கான பௌஜ்தாரி அதாலத்தும் வந்தன. 1862இல் சென்னை உயர் நீதிமன்றம் தோன்றியபோது அவை அதற்குள் கலந்து மறைந்தன.

பெயர் மட்டும் திரும்பி வந்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் லோக் அதாலத்துக்குச் சட்ட வலு கொடுத்தது. இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, ஒத்துக்கொண்டு கையெழுத்திடுகிறார்கள். அந்தத் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. நிலுவையில் இருந்த வழக்கு இப்படி முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். விபத்து இழப்பீட்டு வழக்கில் ஒரு பக்கம் தொகையைக் கொஞ்சம் ஏற்றி, மறுபக்கம் கொஞ்சம் இறக்கி, இரண்டும் ஓரிடத்தில் வந்து நிற்பதைப் பார்க்கும்போது, பொதி ஏற்றுபவரின் தோள் எனக்கு நினைவுக்கு வரும். பெயர் வைத்தவர்கள் இதையெல்லாம் நினைத்து வைக்கவில்லை. ஆனாலும் நன்றாகவே அமைந்துவிட்டது.

வளைகுடாவில் வேலைக்குப் போகிறேன். இந்த வேர் எந்தெந்தக் காகிதத்தில் வரும்?

நிறையக் காகிதங்களில். முதலில் முஆதலா. உங்கள் பட்டம் அந்த நாட்டுப் பட்டத்துக்கு நிகரானது என்று கல்வி அதிகாரிகள் தரும் சான்றுக்கு 'முஆதலத்துஷ் ஷஹாதா' என்று பெயர். ஆசிரியர், செவிலியர், பொறியாளர் வேலைக்குப் போனவர்கள் இந்தச் சொல்லை மறக்க மாட்டார்கள். அந்தச் சான்றுக்குக் கொடுக்கும் மதிப்பெண் பட்டியலில் சராசரி என்ற இடத்தில் 'முஅத்தல்' என்றிருக்கும். விகிதத்துக்கும் அதே சொல்தான்.

அடுத்து 'காதிபுல் அத்ல்'. ஊரில் உள்ள நிலத்தை விற்க அண்ணனுக்கோ மனைவிக்கோ அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டுமென்றால் இவர் முன்னால் போய்க் கையெழுத்திடச் சொல்வார்கள். நம் ஊர் நோட்டரிக்கு இணையானவர். இந்தப் பதவிப் பெயர் குர்ஆனின் கடன் வசனத்தை ஒட்டி அமைந்தது: கடன் கொடுத்து வாங்கும்போது 'உங்களுக்கிடையே ஓர் எழுத்தர் அத்லோடு எழுதட்டும்' (2:282). இரு தரப்புக்கும் நடுவில் உட்கார்ந்து ஒரு பக்கமும் சாயாமல் எழுதுபவர். வரிசையில் டோக்கனோடு நிற்கும்போது இதை நினைத்துக்கொண்டால் அந்த மேசைக்கு ஒரு மரியாதை வரும்.

ஒப்பந்தத்திலோ விசாவிலோ ஏதாவது திருத்தினால் 'தஃதீல்'. செய்தித்தாளில் அரசியல் சட்டத் திருத்தம், அமைச்சரவை மாற்றம் இரண்டுக்கும் தஃதீல் என்றே வரும். மரபணு மாற்றிய பயிரைக்கூட 'முஅத்தல்' என்றுதான் எழுதுகிறார்கள். ஓர் எச்சரிக்கை: முஅத்தல் என்ற பெயர்ச்சொல் சராசரி, அதே உருவம் பெயரடையாக வந்தால் திருத்தப்பட்டது. இடம் பார்த்துப் படிக்க வேண்டும்.

பேச்சு வழக்கில், மேசையை நேராகப் போடு, வேலையை ஒழுங்காகச் செய் என்பதற்கும் வளைகுடா அரபுகள் 'அதில்' என்பார்கள். நேராகப் போ என்று ஓட்டுநரிடம் சொல்ல மட்டும் அவர்கள் 'ஸீதா' என்கிறார்கள். அது இந்தியாவிலிருந்து போன சொல்.

கணக்கில் சமன்பாட்டுக்கும் இதே சொல்லா?

ஆம், முஆதலாதான். ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் அல்குவாரிஸ்மி இயற்கணிதத்தை எழுதியபோது சமக்குறி என்று ஒன்று இல்லை. எல்லாவற்றையும் சொல்லிலேயே எழுதினார். 'வர்க்கங்கள் மூலங்களுக்கு நிகராகின்றன' என்று நாம் இரண்டு கோடு போட்டுக் காட்டும் இடத்தில் அவர் 'தஃதிலு' என்ற வினையை வைத்தார். இந்தப் பக்கத்துப் பொதியும் அந்தப் பக்கத்துப் பொதியும் சமம். தமிழில் சமன்பாடு என்று பெயர் வைத்தவர்களும் அதே உருவத்தைத்தான் கண்டிருக்கிறார்கள். ஆட்டம் சமன், சமஇரவு நாள், சமன்பாடு, சமநிலை என்று தமிழின் 'சமன்' போகும் இடமெல்லாம் அரபின் இந்த வேரும் போகிறது.

ஹதீஸ் கலையில் 'அத்ல்' என்றால் என்ன?

ஹதீஸை (நபிமொழியை) எடுத்துச் சொல்லும் அறிவிப்பாளர் ஒருவர் மார்க்க ஒழுக்கத்தில் நம்பத்தக்கவர் என்றால் அவர் அத்ல். அவரை அப்படிச் சான்றளிப்பது தஃதீல். குறை சொல்லி ஒதுக்குவது ஜர்ஹ், அதாவது காயப்படுத்துவது. அதனால்தான் அந்தத் துறைக்கே 'அல்ஜர்ஹு வத்தஃதீல்' என்று பெயர். நல்லவராக இருந்தால் மட்டும் போதாது, நினைவாற்றலும் துல்லியமும் வேண்டும். அதற்கு ளப்து என்று தனிச் சொல் உண்டு.

இங்கே ஒரு சுவையான சம்பவம். அபூ ஹாத்திம் என்ற பழைய விமர்சகர் ஓர் அறிவிப்பாளரைப் பற்றி 'ஹுவ அலா யதை அத்ல்' என்றார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'அவர் அத்லின் கைகளில் இருக்கிறார்'. பின்னால் வந்த பெரும் அறிஞர் இராக்கி அதை நற்சான்று என்றே எடுத்துக்கொண்டார். அவருடைய மாணவர் இப்னு ஹஜர் அதை மறுத்து, இது கடுமையான குறை என்று காட்டினார்.

காரணம் ஒரு பழங்கதை. யமன் நாட்டுத் துப்பஃ மன்னரிடம் அத்ல் என்ற பெயருடைய காவல் தலைவன் ஒருவன் இருந்தான். யாரையாவது கொல்ல வேண்டுமென்றால் மன்னர் அவன் கையில் ஒப்படைப்பார். 'அத்லின் கையில் கொடுக்கப்பட்டான்' என்றால் அவன் கதை முடிந்தது என்று பொருள். அகராதியில் சொல்லை மட்டும் தேடிப் படித்தவர் எவ்வளவு பெரிய அறிஞராக இருந்தாலும், மரபுத்தொடர் தெரியாவிட்டால் குறையை நிறையாகப் படித்துவிடுவார்.

அரபுகள் சகலையை 'அதீல்' என்கிறார்களே, ஏன்?

ஒட்டகத்தின் இரு பக்கமும் தொட்டில்போல் கட்டிய அம்பாரியில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பயணம் போவார்கள். எதிர்ப் பக்கம் உட்கார்ந்து உங்கள் எடைக்கு எடை கொடுப்பவர் உங்கள் அதீல். அவர் இறங்கிவிட்டால் நீங்களும் சரிந்துவிடுவீர்கள். ஒரே வீட்டில் பெண்ணெடுத்த இருவரும் அதுபோலத்தான்: மாமனார் வீட்டில் இருவருக்கும் ஒரே இடம், ஒரே மரியாதை. ஒருவருக்கு மட்டும் கறி கூடுதலாக வைத்துவிட்டால் என்ன ஆகும் என்று சகலபாடி உள்ள எல்லோருக்கும் தெரியும்.

உமர் என்ற பெயருக்கும் இந்த வேருக்கும் என்ன தொடர்பு?

பொருளில் இல்லை, இலக்கணத்தில் உண்டு. நஹ்வு (அரபு இலக்கணம்) படிப்பவர்கள் 'அத்ல்' என்று ஓர் இலக்கணக் காரணத்தைப் படிப்பார்கள். ஒரு பெயர் தன் இயல்பான வடிவத்திலிருந்து விலகி வேறு வடிவம் எடுத்தால் அது மஃதூல். ஆமிர் என்றிருக்க வேண்டியது உமர் என்று திரும்பியது என்பார்கள். அதனால் அந்தப் பெயருக்குத் தன்வீன் (சொல் இறுதியில் வரும் ன் ஒலி) வராது. விலகுதல் என்ற பொருளில் வரும் அத்ல் இது. நீதிக்கே பெயர்போன கலீஃபாவின் பெயர் இலக்கணத்திலும் அத்லுக்கு உதாரணமாக வந்து நிற்பதை, பாடம் நடத்தும் உஸ்தாதுகள் ரசித்துச் சொல்வார்கள்.

அத்லுக்கும் கிஸ்துக்கும் என்ன வேறுபாடு?

கிஸ்த் என்றால் பங்கு. உரியவருக்கு உரிய பங்கைக் கொடுப்பதும் கிஸ்த். இதிலும் எதிர்ப்பொருள் ஒளிந்திருக்கிறது: முக்ஸித் நீதி செய்பவர் (49:9), காஸித் நீதி தவறியவர் (72:15). பங்கு என்ற பொருளிலிருந்து தவணை என்ற பொருள் வந்தது. அதுதான் நம் ஊரில் 'கிஸ்தி' ஆனது. கும்பினியார் பாளையக்காரர்களிடம் கேட்டு நின்ற அதே கிஸ்தி. நியாயமான பங்கு என்று பிறந்த சொல், கட்டபொம்மன் காலத்துத் தமிழ் நாட்டில் அநியாய வரிக்குப் பெயராகிவிட்டது.

இன்ஸாஃப் என்பது நிஸ்ஃப், அதாவது பாதி என்ற சொல்லிலிருந்து வருவது. பாதிக்குப் பாதி பிரித்துக் கொடுப்பது.

மகனுக்கு ஆதில் என்று வைக்கலாமா? அடில் என்றும் எழுதுகிறார்களே?

தாராளமாக வைக்கலாம். நீதி தவறாதவன் என்று பொருள். மகளுக்கு ஆதிலா. பீஜப்பூரை ஆண்ட ஆதில் ஷாஹிகளின் பெயரும் இதுதான், 'நீதியுள்ள மன்னர்' என்று பொருள். 1677இல் சிவாஜி செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றியது அந்தப் பீஜப்பூர்காரர்களிடமிருந்துதான்.

எழுத்தில் ஆதில் என்பதே சரி. நடுவில் இருப்பது பல்லில் நா தொட்டுச் சொல்லும் தால். ஆங்கில எழுத்தைப் பார்த்துத் திரும்பத் தமிழாக்கும்போதுதான் அடில் ஆகிறது. பள்ளிச் சான்றிதழில் பதியும் முன்னால் இதைக் கவனித்துவிடுங்கள்.

அரபு எழுத்து தெரிந்து படிப்பது இங்கே மிகவும் தேவை. தால் என்ற எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் தமிழில் அதுவும் ஆதில் என்றே எழுதப்படும். ஆனால் அது பழிப்பவன் என்ற வேறு சொல். காதல் கவிதைகளில் காதலனைக் கண்டிக்க வருபவன் அவன். தாலுக்குப் பதில் ளாத் வந்தால், நம் வழக்கப்படி ள போட்டு 'அள்ல்' என்று எழுத வேண்டும். மணமுடிக்க விரும்பும் பெண்ணை அவள் பொறுப்பாளர் காரணமின்றித் தடுத்து வைப்பதற்குச் சட்ட நூல்களில் அதுதான் பெயர். குர்ஆன் 2:232 அதைத் தடுக்கிறது. ஓர் எழுத்து மாறினால் நீதி அநீதியாகிவிடுகிறது. தமிழ்ப் புத்தகங்கள் சில இந்த இரண்டையும் 'அத்ல்' என்றே அச்சிடுவது வருத்தமாக இருக்கிறது.

மலேசியாவில் கெஅடிலான் என்பதும் இதுவா?

இதுவே. மலாயில் அடில் என்றால் நீதியான, கெஅடிலான் என்றால் நீதி. மலேசியத் தமிழ்ப் பத்திரிகைகள் கெஅடிலான் என்ற கட்சியின் பெயரை அப்படியே எழுதுகின்றன. இந்தோனேசியாவில் நீதிமன்றத்துக்கே 'பெங்அடிலான்' என்று பெயர். மலாய் நாவில் அந்த எழுத்து ட போல ஒலிப்பதால் அங்கே ட எழுதுவது பொருத்தம்தான்.

பதில், அதலபாதாளம் இவையும் இந்தக் குடும்பமா?

இல்லை. பதில் அரபு 'பதல்' வழியாக வந்தது, அதன் முதல் எழுத்து பா. பொருளில் பக்கத்து வீடு, வேரில் உறவு இல்லை. அதலம் வடமொழி, கீழுலகங்களில் ஒன்று.

அரபு அகராதியில் இந்தச் சொற்களை எங்கே தேடுவது?

முஆதலாவை மீமில் தேடாதீர்கள், இஃதிதாலை அலிஃபில் தேடாதீர்கள். சேர்ந்த எழுத்துகளை உரித்துவிட்டு மூன்றை மட்டும் எடுங்கள். இக்கால அகராதிகளிலும் இப்னு ஃபாரிஸிலும் ஐன் பகுதிக்குப் போய், அதில் தால், பிறகு லாம் என்று பாருங்கள். இப்னு மன்ளூரின் லிசானுல் அரபில் மட்டும் கடைசி எழுத்திலிருந்து தொடங்க வேண்டும்: முதலில் லாம் பகுதி, அதற்குள் ஐன். பொதியும் மல்லரும் துப்பஃ மன்னரின் காவல் தலைவனும் அங்கே ஒரே தலைப்பின்கீழ் அடுத்தடுத்து வருவார்கள்.